நீயா குறைச்சியா, தானா குறைஞ்சுதா?

தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் ஜூலை 26-ஆம் தேதி கொடி ஏறிவிட்டால் ஆகஸ்ட் 5 வரை ஊர் கொள்ளாத கூட்டம். சென்னையில் வேலை பார்ப்பவர்கள், வளைகுடாவில் இருப்பவர்கள், கப்பலுக்குப் போனவர்கள் எல்லாரும் அந்த நாட்களைப் பார்த்துத்தான் லீவு போடுவார்கள். தினமும் பார்ப்பவருக்குப் புலப்படாத மாற்றம், வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கும் சொந்தக்காரர் கண்ணுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். காலையில் கடற்கரைச் சாலையில் நடந்து, ராத்திரிப் பரோட்டாவைக் குறைத்து, பாடுபட்டு எட்டுக் கிலோ இறக்கிய ஒருவர் தெருவுக்குள் நுழைகிறார் என்று வையுங்கள். வரவேற்பு இப்படி இருக்கும்: “என்ன மக்கா, இப்படி வத்திப் போயிட்ட?” “சீனி வந்துட்டோ?” “ஏன் மைனி, இவனுக்குச் சோறு பொங்கிப் போடுறதில்லையா?”

போன வருஷம் “ஆள் நல்லா ஊதிட்ட” என்று சொன்னதும் இதே வாய்கள்தான். எடை குறைக்கிறவர்களுக்குப் பசியைவிட இந்தப் பேச்சுதான் பெரிய தொல்லை. பெயர் பெற்றவர்களும் இதற்குத் தப்புவதில்லை. நடிகை குஷ்பு 2021-இல் 20 கிலோ குறைத்துப் படம் வெளியிட்டபோது, உடம்புக்கு என்ன என்று விசாரித்தவர்களுக்கும் சேர்த்தே பதில் எழுத வேண்டியிருந்தது: அக்கறைக்கு நன்றி, இவ்வளவு ஆரோக்கியமாக நான் இதுவரை இருந்ததில்லை என்பது அதன் சாரம்.

இந்தப் பேச்சை வெறும் பொறாமை என்று தள்ளிவிடலாம். கொஞ்சம் பொறாமையும் இருக்கலாம். ஆனால் மெலிவைக் கண்டதும் ஊர் ஏன் நோயை நினைக்கிறது, அந்தச் சொல் கேட்பவர் உடலில் என்ன செய்கிறது, கண்ணாடி ஏன் பல மாதம் பொய் சொல்கிறது என்பதற்கெல்லாம் அறிவியலில் பதில் இருக்கிறது. அந்தப் பதில்கள் தெரிந்தால் பேச்சைத் தாங்குவது எளிது.

மெலிவு மரணமாக இருந்த கரை

தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-இல். அதே ஆண்டு மழை பொய்த்து, சென்னை மாகாணத்தின் பெரும்பஞ்சம் தொடங்கியது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடியவர்கள் இந்தத் துறைமுகத்தில் கப்பலேறித்தான் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1877-இல் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்பவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், போதும் என்று கூலியை வெட்டினார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், மண் சுமக்கும் உடலுக்கு இது போதாது என்று எதிர்த்து எழுதினார். உடல் எடையும் உணவின் அளவும் அரசியல் விவாதமான காலம் அது. மெலிந்த ஆள் சாகப்போகிற ஆள் என்று கண்ணால் கண்ட தலைமுறைகள் இந்த மண்ணில் வாழ்ந்தன.

பஞ்சம் போன பிறகும் எலும்புருக்கி என்ற காசநோய் இருந்தது. காசநோய் முதலில் பசியைத் தின்னும், பிறகு சதையைத் தின்னும். இன்றைக்கும் அதில் எடைதான் உயிரைத் தீர்மானிக்கிற எண்களில் ஒன்று. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’, நோய் கண்டறிந்த அன்றே ஒருவருடைய எடையையும் உயரத்தையும் பார்த்து, மிக மெலிந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், நோயாளி வீட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதல் உணவுப்பொருள் கொடுத்ததே அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவதை 39 சதவீதம் குறைத்தது.

“சீனி வந்துட்டோ?” என்ற கேள்விக்கும் உடலியல் ஆதாரம் உண்டு. இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் செல்களுக்குள் போகாது, சிறுநீரில் வெளியேறும். எரிபொருள் கிடைக்காத உடல் தன் கொழுப்பையும் தசையையும் உருக்கிக்கொள்ளும். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துப் போவது நீரிழிவின் பழைய அடையாளம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. ஆகவே அப்படிக் கேட்பவரின் ஊகம் அறிவுகெட்ட ஊகமில்லை. மெலிவு என்றால் நோய் என்று ஊர் கற்றுக்கொண்டது அனுபவத்தில்.

ஊரின் நிலைமைதான் அதற்குள் மாறிவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் எடை மிகுந்தவர்கள். எட்டில் ஒரு பெண் எடை போதாதவர் என்பதும் அதே கணக்கெடுப்பின் தகவல். உப்பளத்தில் வெயிலில் வற்றும் உடலும், ஏசி அறையில் பெருக்கும் உடலும் ஒரே மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே பழைய கண்ணால் பார்க்கும்போதுதான் குழப்பம்.

இது நமக்கு மட்டும் உரிய குணமும் இல்லை. பிஜித் தீவில் மானுடவியலாளர் ஆன் பெக்கர் பார்த்ததும் இதுதான்: அங்கே ஒருவர் மெலிந்தால், அவரைச் சுற்றியிருப்பவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்று பொருள். உடம்பு தனி ஆளின் சொத்தில்லை, குடும்பம் போட்ட சோற்றின் சாட்சி. அந்தத் தீவின் ஒரு பகுதிக்கு 1995-இல் தொலைக்காட்சி வந்தது. மூன்றே ஆண்டில், உணவுப் பழக்கக் கோளாறின் அறிகுறி காட்டிய பள்ளி மாணவிகளின் பங்கு 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாக ஏறியது. ஒரு தலைமுறைக்குள் கண் மாறியதற்கு அந்தப் பெண்பிள்ளைகள் கொடுத்த விலை அது. பழைய கண்ணைத் திட்டுகிறவர்கள், அதன் இடத்தில் வரும் புதிய கண் இன்னும் கொடியதாக இருக்கக்கூடும் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நாலு கிலோவுக்கும் எட்டுக் கிலோவுக்கும் நடுவில்

பாராட்டு ஏன் தாமதமாக வருகிறது? கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேனியல் ரீ, நிக்கோலஸ் ரூல் இருவரும் முகப் படங்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சராசரி உயரமுள்ள ஒரு பெண் சுமார் 3.5 கிலோவும், ஆண் சுமார் 4 கிலோவும் கூடினாலோ குறைந்தாலோதான் முகத்தில் அது பிறருக்குத் தெரிகிறது. ஆனால் ‘முன்பைவிட நன்றாக இருக்கிறார்’ என்று தோன்ற, பெண்ணுக்கு 6.3 கிலோவும் ஆணுக்கு 8.2 கிலோவும் குறைய வேண்டியிருந்தது.

நடுவில் உள்ள இந்த மூன்று நாலு கிலோதான் எடை குறைப்பவரின் சோதனைக் காலம். ஏதோ மாறிவிட்டது என்று ஊருக்குத் தெரிகிறது; நல்ல மாற்றமா என்று தெரியவில்லை. தெரியாத இடத்தை நம் ஊர் நோய் பயத்தால் நிரப்பிக்கொள்கிறது என்றே நினைக்கிறேன். அந்தக் கட்டத்தில் “முகமே வாடிட்டு” என்று பத்துப் பேர் சொன்னால், முயற்சி தோற்றுவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஊர்க்கண்ணுக்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும். பட்டினி கிடந்து வேகமாக எடை இறக்கினால் கொழுப்போடு தசையும் கரையும். உடற்பயிற்சி இல்லாமல் உணவை மட்டும் குறைப்பவர்களில், போகும் எடையில் ஏறத்தாழ கால்பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருக்கலாம். கையும் தோளும் சூம்பி, கன்னம் ஒட்டிப்போவதில் அதற்கும் பங்குண்டு. புரதம் போதிய அளவு இருந்தால், எடை தூக்கும் பயிற்சியும் சேர்ந்தால் இந்த இழப்பு குறையும். நம் கரையில் சாளையும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும்போது புரதப் பொடி டப்பாவைத் தேடி அலைய வேண்டாம். எண்ணெயில் பொரிக்காமல் குழம்பாக வைத்தால் போதும்.

கண்ணாடியில் தங்கிப்போன பழைய ஆள்

ஊர் “வத்திட்ட” என்கிறது. ஆனால் அதே ஆள் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றால், இன்னும் குண்டாகவே தெரிகிறார். கடையில் பழைய அளவுச் சட்டையையே எடுக்கிறார். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு இடிக்குமோ என்று ஒடுங்கி உட்காருகிறார்.

உளவியலாளர் தாமஸ் காஷும் அவருடைய சகாக்களும் 1990-இல் மூன்று வகைப் பெண்களை ஒப்பிட்டார்கள்: இப்போது எடை மிகுந்தவர்கள், முன்பு அப்படி இருந்து குறைத்தவர்கள், எப்போதும் எடை மிகாதவர்கள். எடை குறைத்தவர்கள் தம் உடலைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணமும் பயமும் பல வகைகளில் இப்போது எடை மிகுந்தவர்களுடையதைப் போலவே இருந்தன. உடலில் கரைந்த கொழுப்பு மனதில் கரையவில்லை. இதை ‘மாயக் கொழுப்பு’ என்று அழைக்கலாம். கை துண்டிக்கப்பட்டவர்கள் இல்லாத கையில் வலி உணர்வதைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் கண்ணாடிப் பெட்டி வைத்து ஆராய்ந்து புகழ்பெற்றார். இரண்டும் ஒரே நோயில்லை. மூளையில் ஏற்படும் மாற்றமும் வேறு வேறு. ஆனால் உடலைப் பற்றி மூளை வைத்திருக்கும் படம், உடல் மாறிய அன்றே மாறுவதில்லை என்பது இரண்டுக்கும் பொது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 1945-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். எடையில் கால்பங்கு போய் எலும்பு தெரிந்தபோதும், அவர்களில் பலருக்குத் தாங்கள் ஒல்லியாகத் தெரியவில்லை. மற்றவர்கள்தான் குண்டாகத் தெரிந்தார்கள். நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தவர்களும் உண்டு. மன உறுதி இல்லாதவர்களுக்குத்தான் பசி என்ற எண்ணத்தை அந்த ஆய்வு உடைத்தது.

ஆகவே எடை குறைக்கும் காலத்தில் கண்ணாடியும் ஊரும் இரண்டு பழைய சாட்சிகள். ஒன்று இன்னும் குண்டு என்கிறது, மற்றது செத்துப்போவாய் என்கிறது. இரண்டையும் நம்பி உணவைத் தீர்மானிக்க முடியாது. மாதம் ஒரு தேதியில், ஒரே வெளிச்சத்தில், ஒரே சட்டையோடு ஒரு படம் எடுத்து வைத்தால், மூளையின் பழைய படத்தோடு ஒப்பிட ஒரு நேர்மையான ஆதாரமாவது கையில் இருக்கும்.

சொல் உடலுக்குள் போகும் வழி

“நாலு பேர் சொன்னாத்தான் ரோஷம் வரும், எடை குறையும்” என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 50 வயது தாண்டிய 2,944 பேரை நான்கு ஆண்டு கவனித்து, 2014-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி வெளியிட்ட முடிவு இது: எடைக்காக மட்டமாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் சராசரியாக 0.95 கிலோ கூடியிருந்தார்கள். அப்படிச் சொல்லாதவர்கள் 0.71 கிலோ குறைந்திருந்தார்கள். பேச்சுதான் எடையைக் கூட்டியது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. கேலி எடையைக் குறைக்கும் என்பதற்கு மட்டும் இதில் இடமே இல்லை.

காரணம் ஊகிக்கக் கடினமில்லை. அவமானம் மனஅழுத்தம், மனஅழுத்தத்தில் கார்ட்டிசால் சுரக்கும், அது பலருக்கு இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தேடவைக்கும். கேலிக்குப் பயந்து நடைப்பயிற்சிக்கும் நீச்சலுக்கும் போகாமல் ஒளிவதும் உண்டு.

இதோடு உடலின் சொந்த எதிர்ப்பும் சேர்கிறது. மெல்போர்னில் பிரியா சுமித்ரனும் சகாக்களும் 50 பேருக்குப் பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாடு கொடுத்து எடை குறைத்தார்கள். ஓராண்டு கழித்தும் நிறைவைச் சொல்லும் லெப்டின் தாழ்ந்தே இருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் உயர்ந்தே இருந்தது. ஆய்வாளர் கெவின் ஹால் குழுவின் 2016-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளுக்கு ஏறத்தாழ 100 கலோரி அளவு கூடுகிறது. ஐந்து கிலோ குறைத்தவரின் உடல் தினமும் 500 கலோரி கூடுதலாகக் கேட்டு வாதாடுகிறது என்று பொருள். உள்ளே இப்படி ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, வெளியே இருந்து ஒருவர் மக்ரூன் பொட்டலத்தை நீட்டி “ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆகாது” என்பது எந்தப் பக்கத்துக்கு உதவும்?

எடையை மட்டும் பார்த்து முத்தை வாங்கியதில்லை

அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் தூத்துக்குடியில் முடிந்தது. அதுவரை இந்தக் கரையின் வியாபாரிகள் முத்தைத் தராசில் மட்டும் போட்டு விலை பேசியதில்லை. பித்தளைச் சல்லடைகளில் பத்து அளவாகச் சலிப்பார்கள். உருண்டையும் ஒளியும் பார்த்து ஆணி, அணதாரி, மசங்கு என்று தரம் பிரிப்பார்கள். அதன் பிறகுதான் மஞ்சாடிக் கணக்கில் நிறுப்பார்கள். உடலை அளக்கும் விஷயத்தில் நாம் அந்த நிதானத்தைக் காட்டுவதில்லை. எந்திரத்தில் ஏறி இறங்கும் ஒரே எண்ணில் முடித்துக்கொள்கிறோம்.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் பி.எம்.ஐ. கணக்கு, பெல்ஜியத்தின் கெட்லே 1832-இல் மக்கள்தொகையின் சராசரியைப் பார்க்கக் கண்டது. அதற்கு இன்றைய பெயரை 1972-இல் வைத்தவர் அதே ஆன்சல் கீஸ். தனி ஆளுக்கு அது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2004-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஒரு படம் சாட்சி. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்திய உடல் ஒல்லியாகத் தெரிந்துகொண்டே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்துவைக்கும். அதனால்தான் 2009-இல் இந்திய மருத்துவர்கள் எடை மிகுதியின் எல்லையை 25-இலிருந்து 23-க்கு இறக்கினார்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்று இடுப்புச் சுற்றளவுக்கும் எல்லை வைத்தார்கள்.

இதைவிட ஆறுதலான ஒரு முடிவு சென்னையிலிருந்து வந்தது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்து 2006-இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதம். இந்தப் பலன் கிடைத்தவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. தராசு அசையாத நாளிலும் ரத்தத்திலும் தசையிலும் வேலை நடந்துகொண்டிருந்தது.

ஆகவே வாரம் ஒருமுறை எடை பார்த்தால் போதும். முதல் வாரத்தில் சரசரவென்று இறங்குவதில் பெரும்பங்கு, சேமித்த சர்க்கரையோடு ஒட்டியிருந்த தண்ணீர்; பிறகு வேகம் குறைவது இயல்பு. மாதம் ஒருமுறை இடுப்பைச் சுற்றி டேப் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, தரையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்பதும் நல்ல அளவுகோல்கள். “சீனி வந்துட்டோ?” என்று கேட்பவரிடம் காட்ட, போன மாத ரிப்போர்ட்டைவிட நல்ல பதில் இல்லை.

பந்தியில் எப்படித் தப்புவது

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லின்சி ரோமோ, எடை குறைத்த 40 பேரிடம் விரிவாகப் பேசினார். ஏறக்குறைய எல்லாருமே நண்பர்களிடமிருந்தும் உறவினர்களிடமிருந்தும் குத்தல் பேச்சைச் சந்தித்திருந்தார்கள். சாப்பிட மறுப்பது, சாப்பிடுகிற மற்றவர்களைக் குறை சொல்வதாகப் படுகிறது என்பது அதில் தெரிந்தது. அவர்கள் கண்ட வழிகள் நம் கல்யாணப் பந்திக்கும் பொருந்தும்: கொடுத்ததைக் கொஞ்சமாக வாங்கிக்கொள்வது, வாங்கித் தட்டிலேயே வைத்துவிடுவது, கட்டுப்பாட்டைத் தளர்த்தும் நாளை விருந்துக்கென்று ஒதுக்கிவைப்பது, காரணம் கேட்டால் ஊரைத் திருத்தாமல் தன் உடம்பைப் பற்றி மட்டும் சொல்வது.

“மைதா விஷம்” என்று பரோட்டாக் கடையில் பிரசங்கம் செய்தால் நண்பர்கள் போய்விடுவார்கள். “எனக்கு ரெண்டு போதும் மாப்ள, ஆம்லெட் ஒண்ணு சொல்லு” என்றால் யாருக்கும் வலிக்காது. வீட்டில் அம்மாவிடம் சோறு வேண்டாம் என்பதைவிட, “சோறைக் குறைச்சு மீனைக் கூட்டி வையுங்கம்மா” என்று கேட்பது நல்லது. அவருக்கும் பரிமாற ஒன்று கிடைக்கிறது. மகன் தன் சமையலை வெறுக்கவில்லை என்ற நிம்மதியும் கிடைக்கிறது.

சில அறிகுறிகள் தெரிந்தால் மட்டும் பேச்சைச் சமாளிக்கும் உபாயம் போதாது. சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, மாதவிலக்கு நின்றுபோவது, எடை எந்திரத்தில் தினம் பலமுறை ஏறுவது, எவ்வளவு இளைத்தும் குண்டாகவே உணர்வது ஆகியவை மருத்துவர் பார்க்க வேண்டியவை. மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெலிவை மருத்துவம் பார்க்கும் முறையில், எவ்வளவு குறைந்தது என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு: வேண்டும் என்று குறைத்ததா, தானாகக் குறைந்ததா? முயற்சி எதுவும் இல்லாமல் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் எடையில் 5 சதவீதம் போனால், 70 கிலோ ஆளுக்கு மூன்றரைக் கிலோ, பரிசோதனை அவசியம். எனவே கேளுங்கள், ஆனால் முழுசாகக் கேளுங்கள்: “நீயா குறைச்சியா, தானா குறைஞ்சுதா?” தானாகக் குறைந்தது என்றால் அன்றைக்கே சளிக்கும் சர்க்கரைக்கும் பரிசோதனை செய்ய அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், உங்கள் அக்கறை ஒரு உயிரைக் காப்பாற்றலாம். நானாகத்தான் குறைத்தேன் என்றால், நாளைக் காலை நடைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்று கேட்டு, நீங்களும் கூடப் போங்கள்.